ஹோண்டுராஸிலிருந்து வந்த உறை

பிராங்கிளின் சாரிடம் தொண்ணூற்றொன்பது நாடுகள் இருந்தன. படையெடுத்துப் பிடித்தவை அல்ல. சிற்றலை வானொலியில் காதால் பிடித்தவை. தூரதேசத்து நிலையம் ஒன்று கேட்டால், எந்த நிமிஷம் என்ன ஒலித்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். பொருந்தி வந்தால், "கேட்டது எங்களைத்தான்" என்று அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அட்டை வந்தால்தான் அந்த நாடு சேர்ந்ததாக அர்த்தம்.

நூறாவது ஹோண்டுராஸ். தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு காலை ஆறு மணி. அங்கே முந்தின நாள் அந்தி. திண்டுக்கல் மொட்டைமாடியில் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் ஒரு கால்பந்து மைதானமே வந்து விழுந்தது. அரை மணிக்குள் ஐந்து தடவை ஒருவர், மூச்சு முட்டி விழுந்துவிடுவாரோ என்று பயப்படும்படி, "கோ...ல்" என்று இழுத்தார். சார் ஐந்தையும் நொடி பிசகாமல் குறித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளூர் அணி ஐந்துக்குப் பூஜ்யம் என்று அபார வெற்றி, ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றும் சேர்த்து எழுதினார். கண்ணீர் எப்படி ரேடியோவில் கேட்டது என்று நேயர் மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தலைவரான சாருக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பது மன்றத்தின் நம்பிக்கை. சின்ன வயதில் லத்தீன் ஜெபம் நாலு மனப்பாடம் செய்தவர் அவர். ஸ்பானிஷ் அதற்குத் தங்கச்சி முறைதானே என்பார்.

மூன்று மாதம் கழித்து உறை வந்தது, மன்றத்தின் முகவரியான நைனா முகமதுவின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு. அதற்குள் "நூறு நாடு கண்ட நாயகர்" பாராட்டு விழாவுக்குப் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. வாசகம் நாயகரே எழுதியது.

"குடுங்க நைனா, பாத்துட்டுத் தாரேன்."

"மேடையிலயே பிரிப்போம் சார். அப்பத்தான ஒரு இது."

சார் உறையைத் தடவிப் பார்த்தார். அட்டை மாதிரியும் இருந்தது, வெறும் தாள் மாதிரியும் இருந்தது. விழா வரை மூன்று நாளும் ஏதாவது சாக்கில் கடைப்பக்கம் வந்து போனார்.

விழாவில் உறையைப் பிரித்தது நைனா. முதலில் வந்தது ஒரு கடிதம். "சார் படிச்சுச் சொல்லட்டும்" என்றார்கள். ஒரு பக்கம் முழுக்க ஸ்பானிஷ். சார் தொண்டையைச் செருமினார்.

"மாண்புமிகு பிராங்கிளின் அவர்களே. தங்கள் மேலான புலமை கண்டு எங்கள் தேசமே..."

கைதட்டல் எழுந்தது. மேடை ஓரத்தில் சகாயசெல்வி சிஸ்டர் எழுந்தார். சிறப்பு விருந்தினருக்கு ஆள் குறைகிறதே என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டிருந்த நர்ஸ் கன்னியாஸ்திரி. "குவாத்தமாலா ஆசுபத்திரியில எட்டு வருஷம் இருந்தேன் சார். இந்தப் பாஷையப் பாத்து ரொம்ப நாளாச்சு. செத்த நேரம் குடுங்களேன், நானும் ஒருக்கா வாசிக்கிறேன்."

சார் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்; சிஸ்டரின் கை நீண்டே இருந்தது. கொடுத்தார்.

சிஸ்டர் கள்ளமில்லாமல், நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார். "அன்புள்ள நண்பரே, நீங்க கேட்ட அன்னிக்கு இங்க பந்தே உருளல. மைதானத்துல கரண்டு போயிருச்சு. வர்ற வரைக்கும் என்ன செய்யன்னு தெரியாம பழைய கோல் சத்தத்தை டேப்புல போட்டுக்கிட்டு இருந்தோம்..."

திண்டுக்கல் ஜனத்துக்குக் கரண்டு போவதை விளக்க வேண்டுமா? கூடம் குலுங்கியது. "அங்கயுமா?" என்றார் ஒருவர். சார் மேஜை விரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ, "கண்ணீரும் டேப்புதானா சார்?" என்றார்கள்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் சிஸ்டர். "எங்க அணி இந்த வருஷம் ஒரு மேட்ச்சுகூட ஜெயிக்கல. உங்க கடுதாசிய ரேடியோவுல வாசிச்சோம். ஊரே சிரிச்சுச்சு. இந்தியாவுலயாவது ஜெயிச்சோமேன்னு கோச்சு அதைக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆனா டேப்புல இருந்த அஞ்சு கோலுக்கும் நீங்க போட்ட நேரம் நொடி சுத்தம். எங்களத்தான் கேட்டிருக்கீங்க. அட்டை உள்ள இருக்கு."

நைனா உறையைக் கவிழ்த்தார். வாழைத்தார் படம் போட்ட அட்டை வந்து விழுந்தது.

சார் அதை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். வழக்கமாக முக்கால் மணி நேரம் விடமாட்டார்.

"எனக்கு ஸ்பானிஷ் வராது" என்றார். "நேரம் மட்டும் சரியாத்தான் எழுதினேன்."

முதல் பேச்சுக்கு விழுந்ததைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில், சாருக்குப் போர்த்த வந்து அதுவரை மேடையில் கண்ணயர்ந்திருந்த கவுன்சிலர் காமராஜ் சால்வையும் கையுமாக எழுந்தார்.

"யாருய்யா ஜெயிச்சது?" என்று நைனாவின் காதைக் கடித்தார்.

"மேட்ச்சே நடக்கலண்ணே."

"அப்ப சால்வை எதுக்கு?"

"சாரோட காதுக்குண்ணே."

கவுன்சிலர் பிராங்கிளின் சாரின் காதுகளை ஒருகணம் உற்றுப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் சேர்த்து மூடி, சால்வையை முண்டாசாகவே கட்டிவிட்டார்.