அவரை பூத்த அரை ஏக்கர்

ஊரில் பிணக்குழி வெட்டும் சென்னகிருஷ்ணன் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தார். தண்ணீர்ச் சொம்பை நீட்டிய சௌமியா, அம்மா பாடுபட்ட அரை ஏக்கரை விட்டுவிட்டு ஏன் இந்தத் தக்காளிக் கொல்லை மூலையில் வெட்டுகிறீர்கள் என்று கேட்டாள். நாளை மறுநாள் அங்கேயும் தக்காளி நாற்று நடப்போவதாக உன் அண்ணன்தான் சொன்னான் என்றார் அவர், அது அவளுக்குத் தெரியாது என்று அறியாமல்.

அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவள் நடந்தாள்.

முந்தைய நாள் மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அவள் அம்மா காவேரி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். ஓசூர் ஃபேக்டரியில் ஷிப்டில் இருந்த மகளுக்குச் சேதி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று ஏக்கரில் ஆறு வருடமாகத் தக்காளி மேல் தக்காளிதான். அப்பா சென்னப்பனும் அண்ணன் மணிவேலும் கொட்டிய குருணைப் பூச்சிமருந்தில் மண் வெளுத்துக் கிடந்தது. அரை ஏக்கரை மட்டும் காவேரி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு போகம் ராகியும் அவரையும், அடுத்தது கொள்ளு, அதற்குப் பிறகுதான் தக்காளி, மறுபடியும் ராகி. இரண்டு வருடத்துக்கு முன்பு, மழை விட்ட ஒரு நாள், இரண்டு கொல்லையிலிருந்தும் ஒவ்வொரு சட்டி மண் வெட்டிவந்து புருஷன் முன்னால் வைத்தாள். அவள் மண்ணில் பத்தொன்பது மண்புழு. தக்காளி மண்ணில் ஒன்றுகூட இல்லை. சோறு கேட்டால் புழு வைக்கிறாள் என்று சென்னப்பன் இரண்டு சட்டியையும் காலால் தள்ளினார். மணிவேல் சிரித்தான். சௌமியாவும் சிரித்தாள்.

அறுத்த ராகித் தாளுக்கு நடுவே அவரை பூத்து நின்றது. சௌமியா அங்கே வெட்டத் தொடங்கினாள். மணிவேல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"பொம்பள மம்முட்டி புடிச்சா சனம் என்ன பேசும்?"

"அம்மா முப்பது வருஷம் புடிச்சாங்க. அப்ப எந்தச் சனமும் பேசல."

"செத்தவங்களுக்கு எந்த மண்ணா இருந்தா என்ன, பாப்பா?"

"அப்ப நாத்துக்கும் எந்த மண்ணா இருந்தா என்ன? அங்கியே நடு."

மணிவேல் கையை விட்டான். தக்காளிக் கொல்லை மண்ணில் இப்போதெல்லாம் நாற்று வேர் பிடிக்காமல் கருகுவது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பந்தலில் இருந்தவர்கள் வரப்புவரை வந்து நின்றார்கள். சென்னப்பன் கிட்டே வந்து மண்வெட்டிக்குக் கை நீட்டினார். சௌமியா கொடுக்கவில்லை. ஆழமாக ஒரு வெட்டு வெட்டி, ஈர மண்ணை அவர் காலடியில் தள்ளினாள். கட்டி உடைந்து புழுக்கள் நெளிந்தன.

"எண்ணிக்கோங்கப்பா."

அவர் குனியவில்லை. மிதித்துவிடாமல் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு குழியை இங்கேயே போடச் சொல்லி சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

மூன்று மணிக்குக் காவேரியை அங்கே புதைத்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது நாற்று வண்டி வந்து நின்றது. சென்னப்பன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மகளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பாமலே ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

மறுநாள் காலை ஷிப்டில், பக்கத்தில் நின்ற வினிதா அவள் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, எப்படி இவ்வளவு கொப்புளம் என்று கேட்டாள். சௌமியா கையுறைகளை மாட்டிக்கொண்டாள். பெல்ட் ஓடத் தொடங்கியது.