எழுதிக்கிச்சா?

தளர்ந்துபோன தாடைக்கட்டை இறுக்கி முடிச்சுப் போடும்போதுதான் கார்குழலி தங்கள் வக்கீல் மதிவாணனைப் பார்த்தாள். கோர்ட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் ரோஜா மாலை. மாலையை அப்பாவின் மேல் போடும்போது, யாராவது படம் எடுக்கிறார்களா என்று ஓரப்பார்வை வேறு.

முந்தாநாள்தான் அப்பா முருகையன் சாட்சிக்கூண்டில் ஏறினார். மில்லில் உழைத்துக் கட்டிய இந்த வீட்டை அவர் தனக்கு விற்றுவிட்டதாகப் பக்கத்து வீட்டு ராஜ்கமல் பத்திரம் காட்டுகிறான். அது தன் கையெழுத்து இல்லை என்று சொல்ல அப்பாவை விட்டால் ஆளில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் காலை முழுக்கக் குடைந்தும் அவர் அசையவில்லை. "மெதுவா சொல்லுங்க, பதிவாவணும்" என்றார்களாம். மனுஷர் ஒவ்வொரு பதிலுக்கும் நிறுத்தி, மேஜைமேல் பச்சை லைட்டு எரிந்த மெஷினைப் பார்த்து, "எழுதிக்கிச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சொன்னாராம். வீட்டுக்கு வந்தும் அந்த நிதானம் போகவில்லை. "சோறு போடும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தி, அப்புறம்தான் "ரசம் போதும்" என்றார். நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"தைரியமா இரும்மா" என்றார் மதிவாணன்.

"அப்பா சொன்னது போதுமில்ல சார்? வீடு போவாதே?"

அவர் கழுத்துப் பட்டையை நீவினார். "அதுல ஒரு சின்ன சிக்கல். பதிவு பண்ற கம்பெனிக்கு ஃபண்டு வரலியாம், போன மாசமே நிறுத்திட்டான். டைப்பிஸ்ட் போஸ்ட்டும் காலி. எதுவும் பதிவாவல. திரும்ப ஒருதரம் கூண்டுல ஏத்திக்கலாம்னு இருந்தோம்..."

"பச்ச லைட்டு எரிஞ்சுதுன்னாரே சார் அப்பா?"

"கரண்டு இருந்தா அது எரியும்மா."

அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த அத்தை ஜெயம் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஏன்யா, ஸ்டாம்பு கொறயுதுன்னு பிராதத் திருப்பிக் குடுத்தாங்களே, அந்தக் கோர்ட்டு ஃபீசெல்லாம் எங்க போச்சு? எங்கண்ணன் வாயால சொன்னத எழுத ஒரு நாதியில்ல. காசு வாங்குற ஜன்னல்ல மட்டும் ஆளு குந்தியிருந்தான்!"

"அது வேற கணக்கும்மா, கவர்மென்ட்டுக்குப் போவுது. இதுக்கும் ஒரு மனு போட்டுப் பாக்கலாம். ஸ்டாம்பு மட்டும்..."

செத்த வீட்டில் ஸ்டாம்பு பேச அந்த நாக்குக் கூசவில்லை.

வெளியே பறை ஏறியது. "கருவடிக்குப்பம் சுடுகாடு போய்ச் சேர வேணாமா? வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கார்குழலி தாடைக்கட்டை அவிழ்த்தாள். எதையோ சொல்லி நிறுத்தியதுபோல அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

சொந்தக்காரர்கள் வரிசையாகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மதிவாணனும் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தார்.

கார்குழலி அப்பாவின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"கைய எடும்மா, நேரமாவுது" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

அவள் எடுக்கவில்லை. தட்டு அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டது. மதிவாணன் நிமிர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பிடி அரிசியைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.