கடலடிக் காவல் பெட்டிகள்

பெரும்புயல் ஓய்ந்த வாரத்தில், கடலோடு போனவர்களின் காவல் பெட்டிகள் கடலடியிலிருந்தே மறுபடி வேலை செய்யத் தொடங்கின. சாமர் தீவின் பஸ்யாவோ சந்தையில் அரிசி கிடைக்காததுதான் அப்போது பெரிய பேச்சு. பெட்டிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. கருவாடு விற்கும் நெனித்தா மட்டும், கணவன் ரொதேலியோவின் பெட்டிக்குரிய புள்ளி தன் கைபேசியில் பச்சையாக எரிவதைக் கண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அலை வீட்டுக்குள் ஏறியபோது அந்தப் பெட்டியை எடுக்கத்தான் அவன் திரும்பி ஓடினான்.

பஸ்யாவோவில் வங்கி கிடையாது. ஊர்க்காரர்கள் கைபேசியில் மட்டும் வாழும் கிரிப்டோ காசில் மீனும் ஐஸும் டீசலும் வாங்கினார்கள். அந்தக் காசுக்குக் காவல், வீட்டுக்கு வீடு இருந்த சோப்புக்கட்டி அளவுப் பெட்டிகள். ஒவ்வொரு விற்பனையின் விவரமும் எல்லாப் பெட்டிகளுக்கும் போகும். பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் நடந்தது நடந்ததுதான். ஒரு கோழி விலைக்குப் பெட்டி கிடைத்ததால் ஏழைகளெல்லாம் காவலுக்கு நின்றார்கள். அதே காரணத்தால் ஒருவனே அத்தனையையும் வாங்கிவிடவும் முடியும் என்பது ஐஸ் ஆலை முதலாளி விர்ஜிலியோவுக்குத்தான் முதலில் உறைத்தது. படகு வாங்கிக்கொள்ள விதவைகளுக்கு வெளிநாட்டிலிருந்து நிவாரணக் காசு வந்திருந்தது. பாதிக்கு மேல் பெட்டிகள் கையில் இருந்தால், அது விதவைகளுக்கு வரவேயில்லை, தனக்கே வந்தது என்று ஆக்கிவிடலாம். பசித்துக் கிடந்த ஊர் பெட்டிகளை அரிசிக்கு விற்றது. கரையில் இருந்த பெட்டிகளெல்லாம் அவர் கிடங்குக்கு வந்து சேர்ந்த பிறகு அவர் பொய்யைச் சொல்லிப் பார்த்தார். கடலடியிலிருந்து 'இல்லை' என்று பதில் வந்தது. அங்கே இருந்தவர்கள்தான் அதிகம்.

ஒவ்வொரு பெட்டியையும் அணைக்க ஒரு சொல் உண்டு. வீட்டாருக்கு மட்டுமே தெரியும். விர்ஜிலியோ காசோடு வீடு வீடாகப் போனார். முதலில் சொல்லைக் கொடுத்தவள் வலை பின்னும் பெலிசிசிமா. மறுநாள் காலை அவள் கணவன் கரையில் கிடந்தான், போன அன்று இருந்த முகத்தோடு, அணைந்த பெட்டியை மார்பில் அணைத்தபடி. அவனை அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு விர்ஜிலியோ காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் அவர் வாசலில் வரிசையில் நின்று, ஒரு கல்லறைக்காகச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பச்சைப் புள்ளிகள் தினமும் குறைந்தன. கடைசியில் கரையும் கடலும் சரிபாதியாக நின்றன; மிச்சப் புள்ளிகள் வீட்டோடு போனவர்களுடையவை, ஒன்றைத் தவிர எதற்கும் சொல் சொல்ல ஆளில்லை. அந்த ஒன்றுக்காக அவர் கருவாட்டுக் கடைக்கு வந்தார்.

"செத்தவனுக்கு எதுக்கு நெனித்தா காவல் வேலை? சொல்லைச் சொல்லிடு. அவனும் நிம்மதியாத் தூங்கட்டும்."

"உசுரோட இருந்தப்பவே அந்த ஆளை ஒரு மத்தியானம் படுக்க வைக்க என்னால முடியல, மானோ. இப்ப மட்டும் தூங்கிடப் போறாராக்கும்!" என்றாள் நெனித்தா. அந்த ஊரில் அண்ணன் முறைக்கு மானோ, அக்கா முறைக்கு மானா.

"அடக்கம் பண்ண வேணாமா?"

வேண்டும் என்றுதான் நெனித்தாவுக்கும் இருந்தது. மாமியார் ஏற்கெனவே அவள் முகத்தில் துப்பியிருந்தாள்: "எம்புள்ளைய மீனுக்குத் தின்னக் குடுத்துட்டு, நீ இங்க மீனு விக்கிற." சொல் நாக்கு நுனிவரை வந்தது. எதிர்க் கடையில் பெலிசிசிமா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கல்லறை இருந்தது. படகு இன்னும் வரவில்லை, இந்தச் சொல் வெளியே வந்தால் வரவும் வராது. நெனித்தா வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு கருவாட்டின் தலையை நறுக்கினாள்.

அந்தப் பெட்டியை அடியிலிருந்து வாரி எடுக்க விர்ஜிலியோ இழுவலையோடு தானே கடலுக்குப் போனார். கடல் அன்று குளம் போலக் கிடந்தது. வலை எதிலோ சிக்கியது; படகு மூக்குக் குத்தி மெதுவாக, அவசரமில்லாமல் உள்ளே போனதைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையில் இருந்த அவருடைய சொந்தப் பெட்டி அந்த வாரமே கடலடியிலிருந்து பச்சை காட்டியது. கிடங்குப் பெட்டிகளை அவர் மனைவி சொலேதாத் ஊராருக்குத் திருப்பிக் கொடுத்தாள். படகுகள் வந்தன. பெலிசிசிமாவின் படகுக்கு 'ஆம்' சொன்ன பெட்டிகளில் அவருடையதும் ஒன்று.

ஆண்டுகள் போய்விட்டன. ரொதேலியோவுக்கு இன்னும் கல்லறை இல்லை; இறந்தோர் நாளில் நெனித்தா மெழுகுவத்தியை ஈரமணலில்தான் நடுகிறாள். சொலேதாத் வாரம் தவறாமல் அவளிடம் கருவாடு வாங்க வருகிறாள்.

"உங்களுக்குத்தான் சொல் தெரியுமே, மானா. கரைக்குக் கூப்பிட்டுக்கலாமே?" என்று ஒருமுறை நெனித்தா கேட்டாள்.

"மண்ணுல இருந்தவரைக்கும் ஒரு நாளும் உண்மை பேசல அந்த மனுசன்," என்றாள் சொலேதாத். "இப்பத்தான் பேசப் பழகியிருக்காரு. எதுக்குக் கெடுப்பானேன்?"

அவள் காசு கட்டக் கைபேசியை நீட்டினாள். கரையிலிருந்தவர்களும் கடலிலிருந்தவர்களும் 'ஆம்' என்றார்கள். நெனித்தா கருவாட்டை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள்.