ஜன்னல் ஓரம் வேண்டாம்

என் வீட்டுக்காரர் பொய் சொன்னால் காதைச் சொறிவார். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். "மைக்ராஸ்கோப்பை எதுக்கு இங்க கொண்டுவந்து வெச்சீங்க?" என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்று காது சிவக்கிற வரைக்கும் சொறிந்தார். அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் மகள் சுண்டுவின் பிறந்தநாளுக்கு அவரே வாங்கித் தந்தது அது. சின்னப் பிள்ளைகள் பழகுகிற வகை. அடியில் வட்டமாக ஒரு குட்டிக் கண்ணாடி. அதை வெளிச்சம் பார்த்துத் திருப்பினால் வெங்காயத் தோல் கட்டம் கட்டமாகத் தெரியும். ஜன்னல் ஓரத்தில், என் தையல் மெஷின் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது திடீரென்று பீரோ இடுக்கில், மேஜை விளக்குக்கு முன்னால். கண்ணாடி அசையாதபடி கறுப்பு டேப் வேறு. ஜன்னலுக்குக் கனத்த திரை.

"அப்பாதான்மா ஒட்டினாரு. பிரிச்சா மைக்ராஸ்கோப்பையே கடையில திருப்பிக் குடுத்துடுவாராம்" என்று சுண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"குடுப்பாரு, குடுப்பாரு. பொம்பளப் புள்ளைய அழவிட்டு என்ன ரகசியமாம்?" என்று நகத்தால் டேப்பின் ஒரு முனையைக் கிளப்பினேன். அதற்குள் குக்கர் கத்தியது. ஓடிவிட்டேன்.

பகலெல்லாம் வெயிலில் பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு வீட்டில் மட்டும் வெளிச்சம் ஏன் ஆகாது? எதிர் மாடியில் புதிதாகக் குடிவந்தவள் துணி காயப்போடுகிற நேரம் பார்த்துத்தான் இவர் திரையை இழுத்துவிட்டு இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. விடுவேனா? திரையை விலக்கி, அவளையே முறைத்துக்கொண்டு தைத்தேன். அவள் பாவம், சிரித்துக் கையசைத்தாள்.

இவர் போக்கு மட்டும் மாறவில்லை. பேப்பரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படித்தார். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். என் முகத்தை நேராகப் பார்ப்பதே இல்லை. மனசில் கள்ளம் இருக்கிறவன்தான் அப்படிப் பார்ப்பான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை வாசலில் மறித்தேன்.

"ஊசியில நூல் கோத்துட்டுப் போங்க."

"நேரமாச்சும்மா."

"தினமும் கோக்குறவருதானே? கோத்துக் குடுங்க."

நூல் ஊசியைத் தாண்டிப் போனது. மறுபடியும் தாண்டியது. வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முயன்றார். எனக்கு எதிர் மாடிக்காரி மறந்தே போனாள். அவருடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன்.

"இப்ப என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

அவர் கை காதுவரை போய், சொறியாமல் இறங்கியது.

"உன் கம்மல் தெரியுது. முகம் இருக்குற இடத்துல கறுப்பா ஒரு வட்டம்."

பொத்தின கையை எடுத்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றேன்.

"வெங்காயத் தோல் மங்கலா தெரிஞ்சுது. பளிச்சுனு தெரியட்டும்னு கண்ணாடியைச் சூரியனுக்கு நேரா திருப்பிட்டேன். குனிஞ்சு பார்த்தேன், கத்தி பாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு."

வெயில் கண்ணில் படாமல் நாள்பூரா பஸ் கண்ணாடியைத் திருப்புகிற கை! அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"இந்தக் கண்ணோடவா பஸ்ஸை எடுத்தீங்க?"

"இன்னொரு கண்ணு இருக்கேன்னு ஓட்டிட்டேன். சொன்னா வேலை போயிடும்டி."

"போகட்டும்! பஸ்ஸுல ஏறுறவங்களுக்கும் ரோட்டுல போறவங்களுக்கும் முகம் இல்லையா? டிப்போவுக்கு நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

அவரே பேசினார். உள்ளதைச் சொன்னார். போனை வைத்துவிட்டு, சட்டைப் பொத்தான்களைத் தடவித் தடவிக் கழற்றினார். பீரோ இடுக்கில் சுண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

"அன்னிக்கு அவதான் முதல்ல குனிஞ்சா" என்றார் மெதுவாக. "'இருடி, அப்பா பார்த்துட்டுத் தரேன்'னு தள்ளிவிட்டேன்."

சுண்டுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கிளப்பிவிட்ட டேப் முனை இன்னும் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டிவிட்டு, கண் டாக்டரிடம் போகச் செருப்பைத் தேடினேன்.