ஒன்பது புழுவும் ஒரு குளவியும்

சவேரியம்மாள் ஆயிரக்கணக்கான முகங்களைத் திருத்தியிருக்கிறாள். ஆனால் ஒரு படம்கூட எடுத்ததில்லை. திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்த அவள் கணவன் மரியசெல்வம்தான் படம் எடுப்பான். நெகட்டிவில் விழுந்த அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் கூரான பென்சிலால் மறைப்பது அவள் வேலை. அதை டச்சிங் என்பார்கள். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதால், ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த வீட்டில், கிணற்றடியைப் பார்த்த ஜன்னலோரம் அவள் மேசையைப் போட்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் இரண்டு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த ஜன்னல் கட்டையில் கூடு கட்ட ஒரு மண்குளவி வந்தது. ஈர மண்ணை உருட்டி எடுத்து வந்து, சுண்டைக்காய் அளவில் ஒரு சட்டி வனைந்தது. வாய் மட்டும் சின்னதாகத் திறந்திருந்தது. பிறகு திரும்பி நின்று, வாலை அந்த வாய்க்குள் விட்டு, அசையாமல் சற்று நேரம் இருந்தது. அப்புறம் பறந்துபோய் ஒரு பச்சைப்புழுவைத் தூக்கி வந்து உள்ளே திணித்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

சவேரியம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வீட்டு மூக்காயி தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு வந்தாள். பூக்கட்டி விற்பவள், வாய் ஓயாது.

"என்னக்கா, சன்னலையே மொறச்சுக்கிட்டு இருக்கீக?"

"குளவி புழுவக் கொண்டாந்து அடைக்குதுடி. எதுக்குன்னு பாக்குறேன்."

"இது தெரியாதாக்கும்? புழுவ உள்ள வச்சுக் கொட்டிக்கிட்டே இருக்கும். கொட்டக் கொட்ட அந்தப் புழுவே குளவியா மாறிப்போகும். ஊரு ஒலகமே சொல்லுது."

சவேரியம்மாளும் சின்ன வயதிலிருந்து அதைத்தான் கேட்டு வந்திருக்கிறாள். கோயிலில் உபதேசியாரும் பிரசங்கத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் காலையிலிருந்து அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஒரு சட்டிக்குள்ள ஒம்பது புழு போயிருக்கு மூக்காயி. அந்தா, மேல பாரு, போன வருசத்துக் கூடு. ஒவ்வொரு சட்டியிலயும் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. ஒரு குளவிதான் வெளிய வந்திருக்கு. மிச்சம் எட்டுப் புழு என்னாச்சு?"

மூக்காயி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "அட, ஆமா. எங்க போச்சு?"

அன்று மரியசெல்வம் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க மடக்குக் காமிராவோடு நத்தத்துக்குப் போயிருந்தான். வர இரண்டு நாள் ஆகும். மூன்று கால் தாங்கியில் நிற்கும் பெரிய காமிரா ஸ்டூடியோவில் சும்மா இருந்தது.

குளவி சட்டியின் வாயை அடைத்துவிட்டு அடுத்ததைக் கட்டத் தொடங்கியதும், நெகட்டிவ் சுரண்டும் கத்தியால் சவேரியம்மாள் அடைத்த சட்டியின் ஒரு பக்கத்தை மெதுவாகச் சீவி எடுத்தாள். புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாகவில்லை, லேசாக நெளிந்தன. பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனால் அதன் நிழலே உள்ளே விழுந்து மறைத்தது. நேரில் தெரியாத மருவும் நெகட்டிவில் தெரியும் என்பது அவளுடைய பத்து வருஷ அனுபவம். இரண்டு பெண்களும் சேர்ந்து பெரிய காமிராவைத் தூக்கி வந்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

முதல்முறையாக அவள் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். காமிராவின் மடிப்புத் துருத்தியை முழுக்க இழுத்ததும், பின்பக்கத்து மங்கிய கண்ணாடியில் சுண்டைக்காய்ச் சட்டி எலுமிச்சம்பழம்போலப் பெரிதாகத் தெரிந்தது. தலைகீழாகத்தான் தெரிந்தது. அதில், சட்டியின் தரையிலிருந்து ஒரு நூல் எழும்பி நிற்பதுபோலவும் அதன் நுனியில் என்னவோ ஒட்டியிருப்பதுபோலவும் அவளுக்குத் தோன்றியது.

"அந்த மொகம் பாக்குற கண்ணாடியச் சாச்சுப் பிடிடி. வெயில் உள்ள விழணும். நான் ஆறு எண்ணுற வரைக்கும் அசையாத."

"வெரசா எண்ணுங்க, கை நோவுது."

படம் விழும் கண்ணாடிப் பிளேட்டுகளில் முதலாவது கலங்கிப்போனது. மூக்காயி தும்மிவிட்டாள். இரண்டாவது தெளிவாக விழுந்தது. இருட்டறையில் கழுவிக் காயவைத்துப் சவேரியம்மாள் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பிளேட்டை நேராகத் திருப்பிப் பிடித்தால், நூல் நிற்கவில்லை, கூரையிலிருந்து தொங்கியது. அதன் நுனியில் ஒரு சீரகம் அளவுக்கு முட்டை. குளவி முதலில் வாலை உள்ளே விட்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

வெட்டிய பக்கத்தை, வீணாய்ப்போன பிளேட்டிலிருந்து அறுத்தெடுத்த கண்ணாடித் துண்டால் மூடி, விளிம்பில் மெழுகு வைத்தாள். வெளிச்சம் படாமல் மேலே கறுப்புக் காகிதம். தினம் காலையில் காகிதத்தை விலக்கி ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தாள்.

மூன்றாம் நாள் மாம்பழக் கூடையோடு மரியசெல்வம் திரும்பி வந்தான். அவன் பின்னாலேயே செம்பட்டியிலிருந்து தங்கமுத்து என்ற விவசாயி, மனைவி மக்களோடு குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வந்து உட்கார்ந்தார். ஸ்டூடியோவில் காமிராவைக் காணோம். மரியசெல்வம் வீட்டுக்குள் ஓடி வந்தான்.

"ஏ சவேரி, என்ன இது? அதைத் தூக்கு முதல்ல. ஆளு வந்து காத்திருக்காக."

"இன்னும் நாலு நாள் நகத்த முடியாதுங்க. நகத்துனா அளவு மாறிப்போகும்."

"எது மாறிப்போகும்? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவள் மூன்று பிளேட்டுகளையும் வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். முதல் இரண்டில் முட்டை. அன்று காலை எடுத்த மூன்றாவதில் முட்டை இல்லை; நூலில் தொங்கியபடியே ஒரு பொடிப்புழு, கீழே கிடந்த பச்சைப்புழுவின் மேல் வாயை வைத்திருந்தது.

மரியசெல்வம் பிளேட்டுகளை வாங்கிப் பார்த்தான். பிறகு துணிக்குள் தலையை விட்டான். நெடுநேரம் அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"திங்குது சவேரி," என்றான் உள்ளிருந்தபடியே. "புழுவத் திங்குது. இத நீயா எடுத்த?"

"பின்ன யாரு?"

மடக்குக் காமிராவை எடுத்துக்கொண்டு அவன் ஸ்டூடியோவுக்குப் போனான். தங்கமுத்து ஏமாற்றத்தோடு, "பெரிய பொட்டி எங்கப்பா?" என்று கேட்டார்.

"அது ஒரு வேலையா இருக்குங்க," என்றான் மரியசெல்வம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மூன்று பேர் ஜன்னலுக்கு முன்னால் கூடினார்கள். பொடிப்புழு பருத்துக்கொண்டே வந்தது. ஒன்பது பச்சைப்புழுவில் நாலு மிஞ்சியது, பிறகு மூன்று. எட்டாம் நாள் காகிதத்தை விலக்கியபோது சட்டி முழுக்கச் சிற்றெறும்பு. மெழுகு வெயிலில் இளகி, ஒரு மூலையில் வழிவிட்டிருந்தது. குளவியின் பிள்ளையும் இல்லை, மிச்சப் புழுவும் இல்லை.

சவேரியம்மாள் அன்று எந்த முகத்தையும் திருத்தவில்லை. "நான் தொறக்காம இருந்திருந்தா பொழச்சிருக்கும்," என்றாள் ராத்திரிச் சோற்றின்போது. மரியசெல்வம் மாம்பழத்தை நறுக்கி அவள் தட்டில் வைத்தான்.

குளவி மொத்தம் ஐந்து சட்டி கட்டியிருந்தது. மிச்சம் நாலையும் அவள் தொடவில்லை. காமிரா ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போனது. ஆனி பிறந்து ஒரு வாரம் கழித்து ஒரு சட்டியில் ஓட்டை விழுந்து, ஒரு குளவி வெளியே வந்து இறக்கையைக் காயவைத்தது. மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் மூன்றாவது. சட்டிக்கு ஒன்றுதான்.

மூக்காயி பூக்கூடையை இறக்கி வைத்தாள். "அப்ப எதுவும் எதுவாவும் மாறல. அதோட பிள்ளைக்குச் சோறு கட்டி வச்சுட்டுப் போயிருக்கு. ஏக்கா, அம்புட்டுப் பேரும் சொன்னாகளே, ஒருத்தராச்சும் தொறந்து பாக்கலையா?"

நாலாவது சட்டி நாலு நாள் கழித்துத்தான் திறந்தது. அதிலிருந்து வந்தது குளவி இல்லை. அதில் பாதி அளவு. உடம்பு முழுக்கப் பச்சையும் நீலமுமாக மின்னியது. மயில் கழுத்தைத் தேய்த்துப் பொடியாக்கிப் பூசியதுபோல. சவேரியம்மாள் கத்திய கத்தலில் மரியசெல்வம் காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டே ஓடி வந்தான்.

"இது யாரு பிள்ளை?" என்றான்.

"தெரியலையே. நீங்க பிளேட்டப் போடுங்க, நான் பாக்குறேன்." அவள் துணிக்குள் புகுந்தாள். நாலு எண்ணும்போது அது பறந்துவிட்டது. பிளேட்டில் புகைபோல ஒரு கீற்றுதான் விழுந்தது. அந்த நிறமும் எப்படியும் அதில் வந்திருக்காது. பிளேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதி வைத்தாள்: 'பச்சை, நீலம். குளவி கூட்டிலிருந்து வந்தது. குளவி இல்லை.'

மறுவாரம் மூக்காயி வேலிப் பக்கமிருந்து கூப்பிட்டாள். அவள் வீட்டுச் சுவரில் வேறொரு மண்குளவி சட்டி வனைந்துகொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி, வெயிலில், பச்சையும் நீலமுமாக ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. குளவி அடுத்த புழுவுக்காகப் பறந்தது. உடனே பச்சை எழுந்து வந்து, திறந்திருந்த வாய்க்குள் வாலை விட்டது.

"அடியே, திருட்டுச் சிறுக்கி!" என்றாள் மூக்காயி.

சவேரியம்மாள் வீட்டை நோக்கி ஓடினாள். காமிராவை இந்தத் தடவை வேலியைத் தாண்டித் தூக்கி வர வேண்டும்.