கைக்குப் போகாத கடிதம்

"இன்னைக்காவது தபால் வந்துச்சாம்மா?"

குளியலறைக்குள்ளிருந்து மகள் கேட்டாள். வாளியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. பதில் காதில் விழவேண்டுமே என்று குழாயை மூடியிருக்கிறாள்.

"வரலம்மா."

கடிதம் அம்மாவின் கைப்பையில் இருந்தது. நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. நாடகக் கல்லூரியின் முத்திரை போட்ட நீளமான உறை. நடிப்புப் பிரிவில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் தேதிக்குள் நேரில் வந்து முதல் வருஷக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அன்றைக்குத் தேதி ஒன்பது.

குழாய் மறுபடி திறந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மகளின் குரல் எழுந்தது.

"கதவத் திறங்க. நான்தான். என் குரல் தெரியலையா உங்களுக்கு?"

கல்லூரித் தேர்வில் அவள் நடித்துக் காட்டியது இதைத்தான். நெடுநாள் கழித்து வீடு திரும்பிய ஒரு பெண், சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசுகிற பேச்சு. தேர்வு முடிந்து ஆறு வாரமாகியும் மகள் அதை விடவில்லை. அந்தக் குரல் கேட்டதும் அம்மாவுக்குச் செய்கிற வேலை கையோடு நின்றுவிடும். அது மகளின் பேச்சு இல்லை. செத்துப்போன நாத்தனார் எழுதியது. இதே குளியலறையில், இதே மாதிரி தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அவளும் இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பெண்ணுக்கு வரவர அவள் குரலே வந்துவிட்டது.

அம்மாவைத் தெருவில் பல்லக்கா என்பார்கள். கடைவீதியில் பல் டாக்டரின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவள் தொழில். பாதித் தெரு அவள் செய்த பல்லில்தான் சிரிக்கிறது, அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. வேலைக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள், கெட்டிக்காரி என்று பேர். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட வேண்டும்.

வீட்டில் முடிவெடுப்பவர் கணவனின் அண்ணன். கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் குடும்பம். பெரியவர் கெட்டவர் இல்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்திருந்தார்கள். பல்லக்காவின் கணவன் மருந்துக் கம்பெனி குடோனில் முப்பது பேரை மேய்க்கிறவர். அண்ணன் முன்னால் மட்டும் தலையாட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அந்த வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க வீட்ல பொண்ணுங்கள எதுக்கும் தடுத்ததே இல்ல" என்று பெரியவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். கூடாது என்ற சொல் அங்கே யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. நாடகக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்று பெண் கேட்டபோதும், "போடட்டுமே, ஆசைதானே" என்றார். கூடவே கணக்குப் படிப்புக்கும் ஒன்று போடச் சொன்னார். கணக்குப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று இனிப்பு வாங்கிவந்து, அதைக் காலண்டர் ஆணியில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைத்தார்.

மூன்று நாளைக்கு முன் தபால்காரர் இரண்டாவது உறையைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவர் பிரித்துப் படித்து, மடித்து, மாடிக்குக் கொண்டுவந்தார். பெண் கடைவீதிக்குப் போயிருந்த நேரம்.

"என் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் வரன் பாக்குறோம். சித்தப்பா பொண்ணு மேடையில ஆடுதாமேன்னு எவனாவது கேட்டா நான் என்ன சொல்றது? ஒண்ணும் பிரச்சினை பண்ண வேணாம். கிடைக்கலன்னு சொல்லிட்டு இத அடுப்புல போட்டுடு. காதும் காதும் வெச்ச மாதிரி முடியட்டும்."

பல்லக்கா உறையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீயே சொல்லிடும்மா," என்றார் அவர், மிகவும் தன்மையாக. "உனக்குத்தான் பழக்கமாச்சே."

அந்த வார்த்தை மூன்று நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவர் குத்திக்காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன், அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்து நாலு மாதம்கூட ஆகாத புதுப்பெண். நாத்தனாருக்கு அவள் வயதுதான். ஒரே சீப்பு, ஒரே கண்ணாடி, ஒருத்தியின் ரகசியம் இன்னொருத்தியின் காதில். அவளும் அதே கல்லூரித் தேர்வில், தான் எழுதிய அந்தப் பேச்சை நடித்துக் காட்டிவிட்டுக் காத்திருந்தாள். கடிதம் வந்தது. பெரியவர் அதைப் புதுப்பெண் கையில் கொடுத்து, "கிடைக்கலன்னு சொல்லிட்டு இத எரிச்சுடு. நாங்க சொன்னா அழுவா. நீ சொன்னா நம்புவா" என்றார்.

அவள் சொன்னாள். நாத்தனார் நம்பினாள்.

அழவில்லை. அதுதான் மோசம். "நான் எங்க தப்பு பண்ணேன் அண்ணி? கடைசி வரியில கத்திட்டேனோ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சைத் திருத்த ஆரம்பித்தாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள், மூச்சே விடாமல் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வருஷம் கட்டிக்கொடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து நோயோடு திரும்பி வந்து இந்த வீட்டின் பின்னறையில் படுத்தபோதும் திருத்திக்கொண்டுதான் இருந்தாள். படுத்திருந்த ஆறு மாதமும் பல்லக்காவின் ஐந்து வயதுக் குழந்தை அவள் கட்டிலடியே கதியென்று கிடந்தது. கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொன்னது.

"பாருங்க அண்ணி, எனக்கு வராதது இவளுக்கு எவ்ளோ லேசா வருது," என்றாள் ஒருநாள். தன் நாலு வளையலையும் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தாள். "இவ படிக்க ஆசப்பட்டா இத வித்துக்குங்க." பத்து நாளில் போய்விட்டாள். பல்லக்கா அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சாகப்போகிறவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அந்த நியாயத்தை அவளே ஒருநாளும் நம்பியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் பின்னறையில் வேலை ஓடவில்லை. ஒரு கிழவரின் கீழ்வரிசைக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தவள், மூன்றாவது தடவையும் கோணலாக வைத்துவிட்டு எழுந்தாள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய அட்டைப்பெட்டி இருந்தது. தொழில் பழகிய நாளில் அச்செடுக்க யாரும் வாய் கொடுக்காதபோது நாத்தனார்தான் "என் வாயில எடுங்க அண்ணி" என்று உட்கார்ந்தாள். அச்சுமாவு இறுகும்வரை சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்த வெள்ளை அச்சு பெட்டிக்குள் அப்படியே இருந்தது, இடது பக்கத் தெத்துப்பல்லோடு. வாய் திறந்திருந்தது. அதற்கடியில், அடுப்பில் போகாத அந்தப் பழைய உறை.

எரிக்கச் சொன்னதை அவள் எரிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. இப்போது அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அத்தை படுத்திருந்த கட்டில்தான்.

"இனிமே வராதும்மா. எனக்கே தெரியுது," என்றாள். அழுகையில்லை. "நான் யோசிச்சுப் பாத்தேன். கடைசி வரியில கத்திட்டேன்னு நெனைக்கிறேன். அங்கதான் தப்பாயிருக்கும், இல்ல?"

அதே அறை, அதே கட்டில், அதே கேள்வி. கேட்பவள் மட்டும் மாறியிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டியவள் மாறவில்லை. இன்னொரு பெண் வாழ்நாள் முழுக்க இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருக்கப் போகிறாள்.

கைப்பையைத் திறந்து இரண்டு உறைகளையும் கட்டிலில் வைத்தாள்.

மகள் முதலில் தன்னுடையதைப் படித்தாள். முகம் மலர்ந்தது. பிறகு பழுப்பேறிய மற்றதை எடுத்தாள். படித்து முடித்ததும் அந்த மலர்ச்சி இருந்த இடம் தெரியவில்லை.

"அத்தைக்கு எடம் கிடைச்சிருந்துச்சா?"

"ஆமா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும் தெரியாது. நான்தான் சொல்லல."

மகள் உறையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அம்மாவிடம் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லக்கா மன்னிப்பு கேட்க வாயெடுத்து, கேட்க வேண்டியவள் இங்கே இல்லை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் வளையல்களை விற்றாள். பதினோராம் தேதி காலையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, காலண்டர் ஆணியில் தொங்கிய கணக்குப் படிப்புக் கடிதத்தின் மேல் நாடகக் கல்லூரிக் கடிதத்தையும் சேர்த்து மாட்டினாள்.

"இன்னைக்கு மத்தியான ரயில்ல போறோம். நாளைக்குப் பணம் கட்டணும்."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பணம்?"

"அவ அத்தையோட வளையல்."

"அது குடும்பச் சொத்தும்மா. கல்யாணத்துக்குன்னு வெச்சது."

"அவ கல்யாணத்துக்குன்னு குடுக்கல அத்தான். என் கையில குடுத்தா, எதுக்குன்னும் சொல்லித்தான் குடுத்தா."

"நாங்க வேணாம்னு சொல்லலையே. இந்த வீட்ல எந்தப் பொண்ண எதுக்குத் தடுத்திருக்கோம்?"

"தடுத்திருந்தாலாவது அவ சண்ட போட்டிருப்பா," என்றாள் பல்லக்கா. "தனக்குத் தெறம இல்லன்னு நெனச்சுக்கிட்டே செத்தா."

கணவர் அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் தன் டீயைப் பார்த்தார். கூடத்து மூலையில் நின்றிருந்த பெரியவரின் மூத்த மகள் மட்டும் ஆணியருகே போய்க் கடிதத்தை நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டுத் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தவள்.

ரயிலில் வழி நெடுக மகள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அம்மா கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

கல்லூரி அலுவலகத்தில் நரைத்த தலையோடு ஒரு கிளார்க் அம்மாள் இருந்தாள். பல்லக்கா இரண்டு கடிதங்களையும் நீட்டினாள்.

"இது பத்தொன்பது வருஷம் பழசும்மா," என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பழைய கடிதத்திலிருந்த பெயரை முழுதாக, உரக்க வாசித்தாள் அந்த அம்மாள். பன்னிரண்டு வருஷமாக அவர்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். தாயும் மகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அவங்க வராததுக்கு இங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கணும்," என்றாள் பல்லக்கா.

அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிவந்து தூசியைத் தட்டினாள். பக்கத்தைத் தேடி எடுத்து விரலை வைத்தாள். பெயருக்கு நேரே எழுதியிருந்தது: தாமாக விலகினார்.

"இது தப்பு. இத மாத்தணும்."

"என்னன்னு மாத்துறது? சேர்ந்தார், தாமாக விலகினார், நீக்கப்பட்டார். இங்க இருக்கறது மூணே கட்டம்தாம்மா. நீங்க சொல்ல வர்றதுக்குக் கட்டமே கிடையாது."

மகள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். தாமாக விலகினார். அதற்குக் கீழே இன்னொரு பெண்ணின் பெயர், தாமாக விலகினார். ஒரு ஆண் பெயர், சேர்ந்தார். பெண், தாமாக விலகினார். அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷத்திலும் அப்படித்தான். நல்ல எழுத்தில், ஒரே மையில், பிசிறில்லாமல்.

பல்லக்கா மேசைமேலிருந்த பேனாவை எடுத்தாள். நாத்தனாரின் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில், "கடிதம் அவள் கைக்குப் போகவில்லை. மறைத்தவள் நான்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"பதிவேட்டுல வெளியாளுங்க எழுதக்கூடாதும்மா," என்றாள் கிளார்க் அம்மாள். ஆனால் பேனாவைப் பிடுங்கவில்லை.

மூன்று நாளாகப் பேசாதிருந்த மகள் அப்போதுதான் அம்மாவிடம் பேசினாள். விரல் இன்னும் பதிவேட்டில்தான் இருந்தது.

"இவங்க கடிதமெல்லாம் எங்கம்மா இருக்கும்?"

கிளார்க் அம்மாள் புதுப் பதிவேட்டைத் திறந்து, ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு பெயரைக் கேட்டாள். மகள் சொன்னாள். தாழ்வாரத்தின் கடைசி அறை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.