சுண்டுவிரலுக்கு இடமில்லை

…பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை, மற்றபடி நல்ல சாமான் என்று எழுதியிருக்கிறானே இந்த மனுஷன், இதை எந்தப் பெட்டியில் போடுவது, பிடித்ததிலா, பிடிக்காததிலா, இரண்டுமில்லை என்பதிலா… சிந்துஜா திரையைப் பார்த்தபடியே பிளேன்டீயை ஒரு வாய் குடித்தாள், ஆறிப்போயிருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு கம்பெனி, சட்டைப்பைக்குள் அடங்குகிற மாதிரிச் சின்ன ரிவால்வர் ஒன்றைப் புதிதாக விட்டிருக்கிறது. வாங்கியவர்களும், வாங்கப் போகிறவர்களும், செத்தாலும் வாங்க மாட்டேன் என்பவர்களும் அதைப்பற்றி இணையத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவையும் கண்டி பேராதனை வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில், புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸேறி வருகிற இவள் உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். போன வாரம் நாய்ச்சாப்பாடு, அதற்கு முந்தின வாரம் முதுகுவலிக்கான தலையணை, இந்த வாரம் துப்பாக்கி, நல்ல பிழைப்புத்தான். இன்னும் நூற்றுப் பதினேழு கருத்துகள் இருக்கின்றன. மணி மூன்று பத்து, அப்படியென்றால் கத்தாரில் பன்னிரண்டு நாற்பது… இங்கே நாலு மணி ஆவதற்குள் இவள் புருஷன் யுகேஷ் வேலையை நீட்டிக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக் கந்தோரில் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் அங்கே, கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் வீடு. நேற்று ராத்திரி கேட்டான், “போடவா, வரவா? நீ சொல்லு சிந்து.” இவள் என்ன சொன்னாள்? “உங்க இஷ்டம்ங்க.” சொல்லிவிட்டுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தாள், தூங்கினாளா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

அடுத்தது… பையில் இருப்பதே தெரியவில்லை, சுட்டால்தான் இருப்பது தெரிகிறது, கை இரண்டு நாள் வலித்தது. இது பிடிக்காதது. அடுத்தவன் ஐந்து குண்டு எந்த மூலைக்கு, ஆறு வேண்டும் என்கிறான், அவனுக்குக் கீழே இன்னொருத்தன், ஐந்தில் ஆகாதது ஆறில் ஆகிவிடுமா என்று சண்டைக்கு நிற்கிறான், அதற்குக் கீழே பதினெட்டுப் பேர். விசை கல்லு மாதிரி இறுக்கம் என்கிறார் ஒரு பெரியவர், பழைய மொடல்தான் மொடல், அந்த இரும்பு எங்கே இந்தத் தகரம் எங்கே என்று பெருமூச்சு விடுகிறார். இங்கே ஆட்கள் மடக்குக் குடையைப்பற்றிப் பேசுவார்களே, கம்பி வளைகிறது, பைக்குள் அடங்குகிறது, காற்றுக்குத் தாங்காது என்று, அந்த மாதிரித்தான் பேசுகிறார்கள். சிந்துஜா வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவள் கண்ட துப்பாக்கியெல்லாம் சின்ன வயதில் ராணுவச் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்களே, அவர்கள் தோளில் தொங்கியதுதான், அப்பா அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்த பிடி… அந்தப் பயமெல்லாம் இவர்களுக்கு இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம், எப்படி இவர்களால் இவ்வளவு கூச்சமில்லாமல் எனக்கு இது வேண்டும், எனக்கு இது வேண்டாம், இது இப்படி இருந்திருக்க வேண்டும் என்று முன்பின் தெரியாத ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்ல முடிகிறது? அதிலும் ஒரு சாமானைப்பற்றி! இவளால் கட்டின புருஷனிடம் சொல்ல முடியவில்லை. எட்டு வருடக் கல்யாணத்தில் அவன் கூட இருந்ததையெல்லாம் சேர்த்தால் இரண்டு வருடமும் கொஞ்சமும். லீவில் வந்தால் முதல் மூன்று நாள் விருந்தாளி மாதிரித் தண்ணீரைக்கூடக் கேட்டுத்தான் குடிப்பான், நாலாம் நாள்தான் அவனாக ஆவான், கண்ட நேரத்தில் கருவாடு பொரிப்பான், விடியற்காலையில் பின்பக்கம் போய் நின்று இருமுவான். அந்த இருமல்! போனில் இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுகிறான், இவள் பயந்துவிடுவாளாம். பைத்தியக்காரன், இவளுக்கு அதைக் கேட்கத்தான் ஆசை, பக்கத்தில் கிடந்து கேட்க ஆசை.

“சிந்து அக்கா, இன்னம் எத்தின ஈக்கிது?” பின்னால் வந்து நின்றாள் றிப்தா, இவளைவிட ஏழு வயது இளையவள், இந்த மாடிக்குப் பொறுப்பு அவள்தான். “தொண்ணூறு சொச்சம்” என்றாள் சிந்துஜா. “நாலுக்குள்ள முடிங்களே, கம்பெனிக்காரங்க கேட்டுட்டே ஈக்கிறாங்க… என்ன, மொகம் ஒரு மாதிரி?” ஒன்றுமில்லை என்று சிரித்தாள் சிந்துஜா. சிரிப்பில் இவளை அடிக்க ஆளில்லை. றிப்தா அந்தப் பக்கம் போனதும் மறுபடி மணியைப் பார்த்தாள், மூன்று இருபத்தைந்து. வா என்று சொல்ல என்ன தடை? சொல்லி, அவனும் வந்து, இங்கே வேலை கிடைக்காமல் கம்பளைக்கும் கண்டிக்கும் நாயாய் அலைந்து, ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது நீ சொல்லித்தானே வந்தேன் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால்… அது ஒரு பயம். அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது, அது பயமில்லை, ரோஷம். இவள் கேட்டு அவன் வரக்கூடாது. அவனுக்கே இவளைப் பார்க்காமல் இருக்க முடியாமல் போக வேண்டும், அவனாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். இந்த ரோஷத்தை வைத்துக்கொண்டு ஆறு வருடம் போய்விட்டது.

தட்டிக்கொண்டே போனாள், பிடித்தது, பிடிக்காதது, பிடித்தது… பிறகு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கருத்து வந்தது. மனைவிக்காக வாங்கினேன் என்று தொடங்கியிருந்தார். கைப்பைக்கு அடக்கமாக இருக்கும் என்று கடைக்காரன் சொன்னான், சுட்டுப் பழகும் திடலுக்குக் கூட்டிப்போனேன், ஐந்தும் சுட்டாள், எப்படியிருக்கிறது என்றேன், நல்லாத்தான் இருக்கிறது என்றாள். அவள் எல்லாவற்றையும் நல்லாத்தான் இருக்கிறது என்பாள், முப்பத்தொரு வருடமாக அந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். காரில் ஏறியதும் கையை வாங்கி விரித்துப் பார்த்தேன், பெருவிரலுக்குக் கீழே சிவந்து கன்றியிருந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். துப்பாக்கி மோசமில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தார். சிந்துஜா மூன்று தரம் படித்தாள், கண் கரித்தது, சனியன், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன், யாரோ ஒரு கிழவி, இதற்குப் போய்… ஆனால் பொறாமையாக இருந்தது, உள்ளபடியே பொறாமை. காரில் உட்கார்ந்து ஒருவன் கையை வாங்கி விரித்துப் பார்க்கிறானே. யுகேஷ் பார்க்க மாட்டானா? பார்ப்பான், போன லீவில் இவள் விரலில் கத்தி பட்டதற்கு ஒரு வாரம் அரிவாள்மனைப் பக்கமே விடவில்லையே. பக்கத்தில் இருந்தால் பார்ப்பான். அங்கேயிருந்து எதைப் பார்ப்பது, அவனுக்கு வந்து சேருவதெல்லாம் குரல்தான், அந்தக் குரலில் இவள் உங்க இஷ்டம் என்றால் அவன் அதைத்தானே எடுத்துக்கொள்ள முடியும்? அவனும்தான் ஒரு குறையும் இல்லை, சாப்பாடு பரவாயில்லை என்கிறான், அதை இவள் என்றைக்காவது விரித்துப் பார்த்தாளா? நல்லா இருக்கிறான், அதனால்தான் வரவில்லை என்று தலையணையோடு கோபித்துக்கொண்டாள். மூன்று நாற்பத்தைந்து.

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள், கீழே பாத்திரக் கடையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம், வீதியில் பஸ்காரன் கட்டுகஸ்தோட்டை கட்டுகஸ்தோட்டை என்று கத்துகிற சத்தம், இதற்குள் எப்படி… பரவாயில்லை. யுகேஷ் மூன்றாவது மணியடிப்பில் எடுத்தான். “என்னம்மா, வேலை நேரத்துல?” என்றான். முன்கதை எதுவும் வேண்டாம், யோசித்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். “வாங்க” என்றாள். “கையெழுத்துப் போடாதீங்க. வந்துருங்க. எனக்கு முடியலங்க, நீங்க இல்லாம எனக்கு முடியல.” சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தாள், இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“காலைலேயே போட்டுக் குடுத்துட்டேன் சிந்து” என்றான்.

படியில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கென்றானே, ஏன் காலையிலேயே, அவ்வளவு அவசரமா, என்னைவிட அங்கே… வாய்வரை வந்த கோபத்தை அவள் கொட்டுவதற்குள் அவனே பேசினான். “ராத்திரி முழுக்க பேப்பர கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். வச்சிக்கிட்டு இருந்தா ஊருக்கு வர ஆசை வந்துகிட்டே இருக்கும்னு விடிஞ்சதும் குடுத்துட்டேன்.” பிறகு போனைத் தள்ளிப் பிடிக்காமலே ஒரு தரம் மூக்கை உறிஞ்சினான். போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றான், தருவார்களோ தெரியாது என்றான், ஆனால் போனை வைக்கவில்லை. “இன்னொருக்கா சொல்லேன்” என்றான்.

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேலே றிப்தா கூப்பிடுவது கேட்டது. ஆறு வருடத்தில் ஒரு தரம்கூட அவனை வா என்று அவள் கூப்பிட்டதில்லை, அவன் அதை ஒவ்வொரு லீவு முடியும்போதும் எண்ணிக்கொண்டே விமானம் ஏறியிருக்கிறான், அவளுக்கு அது இப்போதுதான் தெரிகிறது.